இந்த பீச்சில் அலை அடிக்காது

இரண்டு வாரம் முன்பு ஒரு பதிலில், போகிறபோக்கில், "பீச் சீசன் தொடங்கிவிட்டது" என்று எழுதிவைத்தேன். தபால் பை கனத்துவிட்டது. ஆகவே இந்த வாரம் முழுக்க ஒரே பழம். சினிமா, அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்தருளவும். அவை அழுகாது, பழம் அழுகிவிடும்.

கேள்வி: மெரினாவுக்குப் பன்னிரண்டு மாதமும் சீசன்தானே சார்? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: நீங்கள் சொல்வது சுண்டல் கிடைக்கும் பீச். நான் சொன்னது கொட்டை உள்ள பீச். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. இந்தக் குழப்பமே வேண்டாமென்று யாரோ ஒரு புண்ணியவான் 'குழிப்பேரி' என்று அழகாகப் பெயர் வைத்தார். ஆனால் கோயம்பேட்டில் போய் "குழிப்பேரி கிலோ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். குழி விழுந்த பேரிக்காயாகப் பொறுக்கி, பாதி விலைக்குத் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அது பீச்சாகவே இருக்கட்டும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டில் பீச் எங்கே விளைகிறது, எப்போது கிடைக்கும்? (வாசகி, மதுரை)

பதில்: பீச் சீசனுக்கு மலையேறும் பழக்கம் உண்டு. முதலில் சமவெளியில் கண் விழிக்கும். பிறகு உயரம் கூடக் கூட நாள் தள்ளிப்போகும்.

பஞ்சாபில் பிரபாத், பர்தாப் ரகங்கள் ஏப்ரல் மூன்றாம் வாரமே பறிப்புக்கு வந்துவிடும். அவற்றின் பின்னால் மே முதல் வாரத்தில் ஷான்-இ-பஞ்சாப். பிறகு இமயமலை அடிவாரத்தைப் பிடித்து ஏறினால் உத்தரகாண்டில் நைனிதால் பக்கத்து ராம்கர், இமாச்சலத்தில் சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கர். அங்கெல்லாம் மே கடைசியிலிருந்து ஜூலை வரை. ராஜ்கருக்கு 'பீச் பள்ளத்தாக்கு' என்றே பட்டப்பெயர். காஷ்மீரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நமக்கு நீலகிரியும் கொடைக்கானலும் இருக்கின்றன. ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் வரை.

ஒரு எச்சரிக்கை. இந்தியில் பீச்சுக்கு 'ஆடூ' என்று பெயர். டெல்லித் தெருவில் ஒருவர் தள்ளுவண்டியோடு "ஆடூ, ஆடூ" என்று கூவினால் அது கசாப்புக் கடை அல்ல. தைரியமாகப் போய் வாங்கலாம்.

கேள்வி: ஊட்டி போகும் வழியில் பீச் என்று விற்கிறார்களே, அது நிஜ பீச்தானா? படத்தில் பார்ப்பது போல் இல்லையே? (வாசகர், ஈரோடு)

பதில்: நிஜம்தான். படத்தில் இருப்பது கலிஃபோர்னியாவில் பிறந்து சொகுசாக வளர்ந்தது. இது மலையில் கஷ்டப்பட்டு வளர்ந்தது. எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிது, பச்சையும் மஞ்சளுமாக ஒரு நிறம், ஒரு கன்னத்தில் மட்டும் வெட்கப்பட்டது போல் சிவப்பு. மேலே பூனைமுடி. வாழை போலக் குழையாது, ஆப்பிள் போல மொறுமொறுக்காது; புளிப்பும் இனிப்பும் பங்காளிச் சண்டை போடும்.

குன்னூர் சாலையில் முதல்முறை ஐந்து பழம் வாங்கினேன். காகிதப் பையில் போட்டுக் கொடுத்த அம்மா, "ரெண்டு நாள் வெச்சு சாப்பிடுங்க சார்" என்றார். அடுத்த கொண்டை ஊசி வளைவு வரைக்கும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. கடித்தேன். கல். உள்ளே சாறு இருந்தது, வாசனை இல்லை. பையில் மிச்சம் நான்கு. அவற்றின் கதி இந்தப் பக்கத்தின் கடைசியில்.

கேள்வி: பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைச் சென்னை மொட்டை மாடித் தொட்டியில் நட்டிருக்கிறேன். எப்போது காய்க்கும்? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: சென்னையில் உறைபனி விழும் வருஷம் காய்க்கும்.

கிண்டல் இல்லை. பீச் மரத்துக்குத் தண்ணீர், உரம், வெயில் போல இன்னொரு சாப்பாடும் வேண்டும்: குளிர். இலை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போகிற மரம், சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். 'குளிர் மணி நேரம்' என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் பழைய எல்பர்ட்டா ரகத்துக்கு இது 800 மணி நேரம் அளவுக்கு வேண்டும். கணக்கு நிரம்பிய பிறகு வெயில் பட்டால்தான் மொட்டு அவிழும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? மார்கழியில் நடுவே இரண்டு நாள் வெயிலடித்தால், "ஆஹா, வசந்தம்!" என்று ஏமாந்து பூத்துவிடக் கூடாது. பூத்த மறுநாள் பனி கொட்டினால் அந்த வருஷப் பிழைப்பே போச்சு. அலாரம் அடித்தாலும் எழுந்திருக்காமல், மணி பார்த்துவிட்டுத்தான் எழுவேன் என்கிற சாமர்த்தியம் அது.

சென்னையில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் மரம் துளிர்க்கலாம், இலை விடலாம். கணக்கு தொடங்கவே தொடங்காது. தூங்காதவனை எப்படி எழுப்புவது?

கேள்வி: பஞ்சாப் சமவெளியில் மே மாதம் அனல் பறக்குமே. அங்கே மட்டும் எப்படி? (வாசகர், கோவை)

பதில்: மரத்துக்கு மே மாதம் முக்கியமல்ல, முந்தைய டிசம்பரும் ஜனவரியும்தான் முக்கியம். பஞ்சாபில் மே கொளுத்தும்; ஜனவரி நடுங்க வைக்கும். ஆனாலும் எல்பர்ட்டாவுக்கு அந்தக் குளிர் போதாது. அதற்காக ஓர் ஏற்பாடு நடந்தது.

ஃப்ளோரிடாவிலும் இதே பிரச்சினை இருந்தது: வெயில் ஊர், குட்டிக் குளிர்காலம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1950களிலிருந்து, சீனாவின் தெற்குப் பகுதி வழி வந்த, குளிர் அதிகம் கேட்காத பீச் வகைகளை மற்றவற்றோடு கலந்து புது ரகங்களை உருவாக்கியது. ஃப்ளோர்டாசன், ஃப்ளோர்டா பிரின்ஸ் என்று பெயர்கள். கவனியுங்கள், 'ஃப்ளோரிடா' அல்ல, 'ஃப்ளோர்டா'. பெயரிலும் ஓர் எழுத்தைக் குறைத்தார்கள், குளிரிலும் குறைத்தார்கள். ஃப்ளோர்டா பிரின்ஸுக்கு 150 மணி நேரக் குளிரே போதும். லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட ரகங்களைச் சோதித்துப் பஞ்சாப் விவசாயிகளுக்குப் பரிந்துரைத்தது. நம் மலைகளிலும் இந்தக் குறைகுளிர் ரகங்களே எடுபடுகின்றன.

கேள்வி: லத்தீன் பெயரில் 'பெர்சிகா' என்று இருக்கிறதே. சொந்த ஊர் ஈரானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பெங்களூர் கத்தரிக்காயின் சொந்த ஊர் பெங்களூரா? அது மெக்சிகோவிலிருந்து வந்தது. கடைசியாக எந்த ஊர்க்காரர் கையிலிருந்து வாங்குகிறோமோ அந்த ஊரின் பெயரையே வைப்பது உலக வழக்கம். ஐரோப்பாவுக்குப் பாரசீகம் வழியாகப் போனதால் அவர்கள் 'பாரசீக ஆப்பிள்' என்றார்கள். அந்தப் 'பெர்சிகா' தேய்ந்து தேய்ந்துதான் 'பீச்' ஆனது.

பிறந்த வீடு சீனா. தெற்கே குன்மிங் நகரில் கிடைத்த புதைபடிவக் கொட்டைகளுக்கு வயது சுமார் 26 லட்சம் ஆண்டுகள். அதாவது இன்றைய மனிதன் பிறப்பதற்கு முன்பே பழம் தயார். சாப்பிட ஆள்தான் வரவில்லை. யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 7,500 ஆண்டுகளுக்கு முன் மக்கள் நல்ல மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கியதை, அகழாய்வில் கிடைத்த கொட்டைகளின் அளவை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தின்று துப்பியதுகூடச் சாட்சி சொல்லும்.

கேள்வி: இந்தியாவுக்குக் கொண்டுவந்த புண்ணியவான் யார்? (வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: உங்கள் ஊருக்கு வந்துபோன ஒருவர் இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார். 7-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங். பஞ்சாப் பகுதியில் சீனபுக்தி என்ற நாட்டைப் பற்றி அவர் சொல்வது இது: கனிஷ்கர் காலத்தில் சீன எல்லைப் பக்கத்து அரசுகள் அனுப்பிய பிணைக்கைதிகள் குளிர்காலத்தில் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். அதுவரை இந்தியாவில் இல்லாத பேரியையும் பீச்சையும் கொண்டுவந்து நட்டது அவர்களே. அதனால் பீச்சுக்குச் 'சீனானி' என்றும், பேரிக்குச் 'சீன ராஜபுத்திரன்' என்றும் பெயர் வந்ததாம்.

கனிஷ்கருக்கும் யுவான் சுவாங்குக்கும் நடுவே ஐந்நூறு வருஷம் இடைவெளி. எனவே இது அவர் கண்ணால் கண்டதல்ல, ஊரார் சொல்லக் கேட்டது. இருந்தாலும் பிணைக்கைதியாகப் போன இடத்தில் பழமரம் வைத்தவர்கள் என்றால், நல்ல மனசுக்காரர்கள்தான்.

கேள்வி: உலகில் அதிகம் விளைவிப்பவர்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிறந்த வீடேதான். உலக பீச்சில் பாதிக்கு மேல் சீனாவில். ஸ்பெயின், இத்தாலி, துருக்கி, கிரீஸ், ஈரான், அமெரிக்கா எல்லோரும் சேர்ந்து ஓடியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியாதானே 'பீச் மாநிலம்'? மருமகன் அங்கிருந்து வண்டி நம்பர் பிளேட் படம் அனுப்பினார். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: நம்பர் பிளேட்டில் ஜார்ஜியா, தோட்டத்தில் கலிஃபோர்னியா. உற்பத்தியில் கலிஃபோர்னியாவுக்கு அருகில்கூட யாரும் இல்லை. தெற்குக் கரோலினாவும் பெரும்பாலான வருஷங்களில் ஜார்ஜியாவை முந்திவிடும். அங்கே போய் இதைச் சொன்னால் மருமகனுக்குச் சண்டை வரும்.

ஆனால் ஜார்ஜியாவின் புகழ் சும்மா வந்ததல்ல. 1870களில் மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ப் என்பவர், சீன ரகத்தின் கொட்டையிலிருந்து முளைத்த ஒரு மரத்தில் பெரிய மஞ்சள் பழத்தைக் கண்டார். அதற்குத் தன் மனைவி எல்பர்ட்டாவின் பெயரை வைத்தார். அதோடு நிற்கவில்லை, பனிக்கட்டி வைத்துப் பழம் நசுங்காமல் ரயிலில் அனுப்பும் பெட்டியையும் உருவாக்கினார். நியூயார்க் சந்தைக்குத் தெற்கத்திப் பழம் சிதையாமல் போய்ச் சேர்ந்தது, பெயர் நிலைத்துவிட்டது. மனைவி பெயரில் வீடு வாங்குபவர்கள் உண்டு. மனைவி பெயரை ஒரு நாட்டின் சாப்பாட்டு மேசைக்கே அனுப்பியவர் அவர்.

கேள்வி: குளிர்காலம் குறைந்துகொண்டே வருகிறதே, பீச் என்ன ஆகும்? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: என்ன ஆகும் என்பதை ஜார்ஜியா 2023-இல் பார்த்துவிட்டது. அந்தக் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனது. பல மரங்களுக்குத் தூக்கக் கணக்கு நிரம்பவில்லை. மற்றவை சீக்கிரமே பூத்துவிட்டன. மார்ச்சில் பனி வந்து பூவையும் பிஞ்சையும் கருக்கியது. விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். பீச் மாநிலத்தில் பீச் இல்லாத கோடை!

இதனால்தான் உலகெங்கும் குறைகுளிர் ரகங்களுக்கு இப்போது மவுசு. கொடைக்கானல்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பீச் சீசன் எப்போது என்று காலண்டரில் ஏப்ரல் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் ஏசி கடையில் பீச் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டி, தொட்டிலில் குழந்தை போல் படுக்க வைத்திருந்தார்கள். அது எந்த ஊர்? (வாசகி, வேளச்சேரி)

பதில்: பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நமக்கு மார்கழி என்றால் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் நடுக்கோடை. அவர்கள் சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. வடக்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இரண்டையும் ஒட்டுப் போட்டால் வருஷம் முழுக்க எங்கேயோ ஓரிடத்தில் பீச் பழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பூமி சாய்ந்து சுற்றுவதன் லாபம் பழ இறக்குமதியாளருக்கு, செலவு உங்களுக்கு.

கேள்வி: அந்தத் தொட்டில் குழந்தையை வாங்கி வந்தேன். உள்ளே ஈரப் பஞ்சு போல, மாவு மாவாக இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (அதே வாசகி)

பதில்: ஏமாற்றியது தெர்மாமீட்டர். பீச்சுக்குக் குளிரில் ஒரு வேண்டாத வீதி உண்டு: ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரி. பூஜ்யம் டிகிரியை ஒட்டி வைத்தால் பழம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெளியே வைத்தால் பழுத்துவிடும். நடுவே அந்த 2 - 8 வீதியில் ஒரு வாரம், பத்து நாள் மாட்டிக்கொண்டால், சதையைக் கரைத்துச் சாறாக்க வேண்டிய நொதிகளின் வேலை ஒழுங்கு தப்பிவிடும். சாறு எங்கும் போகவில்லை, கூழுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதனால் நாக்குக்கு அது பஞ்சாகத் தெரிகிறது. சில சமயம் கொட்டையைச் சுற்றிப் பழுப்பும் ஏறும். வெளித்தோலில் ஒரு தடயமும் இருக்காது.

வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி? நாலு. சரியாக அந்த வீதியின் நடுத்தெரு. ஆகவே, கல்லாக வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வெளியே வையுங்கள். பழுத்த பிறகு வேண்டுமானால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத்தான் ஏசி போட வேண்டும்.

கேள்வி: நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கினால் போதுமா? (வாசகர், சேலம்)

பதில்: சிவப்பு என்பது ரகத்தின் குணமும் வெயில் பட்ட அடையாளமும். பழுத்ததற்குச் சான்றிதழ் அல்ல. காம்புக் குழியைச் சுற்றி, சிவப்புக்கு அடியில் தெரியும் அடிநிறத்தைப் பாருங்கள். பச்சை கலந்திருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. மஞ்சளோ, வெள்ளைப் பழமானால் பாலாடை நிறமோ வந்திருந்தால் சரி. பிறகு மூக்கருகே கொண்டுபோங்கள். வாசனை வராத பழம் பேசாத ஜோசியர் மாதிரி. காசு கொடுத்துப் பயனில்லை.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அமுக்கிய இடம் நாளை காலை கறுத்துவிடும். அதை வாங்கப் போவது இன்னொரு சேலத்துக்காரர்.

கேள்வி: மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைப்பது போல பீச்சையும் பழுக்க வைக்கலாமா? (வாசகர், பெரியகுளம்)

பதில்: மாம்பழ ஊர்க்காரரின் கேள்வி, பதிலும் அதற்கேற்ப. மாங்காய்க்குள் மாவுச்சத்து ஏராளம் இருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறும். வீட்டுக்கு வந்த பிறகும் இனிப்பு கூடும். வாழைக்கும் அதே கதைதான்.

பீச்சிடம் அந்தச் சேமிப்பு கிடையாது, அது தினக்கூலிக்காரன். இலை அன்றன்று அனுப்பிய சர்க்கரைதான் கையிருப்பு. காம்பை விட்டுப் பிரிந்த நிமிடம் வரவு நின்றுவிடும். பிறகு மென்மையாகும், புளிப்பு இறங்கும், வாசனை எழும். அதனால் இனிப்பு கூடியது போல நாக்கு நினைக்கும். உண்மையில் சர்க்கரை ஒரு குந்துமணிகூடக் கூடியிருக்காது. மரத்தில் கடைசி வாரம் கழித்த பழத்துக்கும், லாரிக்குப் பயந்து முன்கூட்டியே பறித்த பழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வைக்கோலாலும் சரிக்கட்ட முடியாது.

கேள்வி: நெக்டரின் என்று ஒன்று விற்கிறார்களே, பீச்சையும் பிளம்ஸையும் ஒட்டியதாமே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை. அது பழனிக்குப் போய்வந்த பீச். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் மேல்முடி முளைக்கவில்லை, அவ்வளவுதான். பீச் மரத்தில் ஒரு கிளையில் மட்டும் நெக்டரின் காய்த்ததைக் கண்டு டார்வினே ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சுருட்டை முடி, இன்னொன்றுக்கு வழுக்கை.

கேள்வி: பாதாமும் பீச்சும் சொந்தம் என்கிறார்கள். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைச் சாப்பிடலாமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: சொந்தம்தான், பருப்பைப் பார்த்தால் பாதாமின் ஜாடை தெரியும். ஆனால் பீச் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது. மென்றால் சயனைடு வெளிப்படும். உறவு வேறு, விருந்து வேறு. குப்பையில் போடுங்கள்.

கேள்வி: மரம் நிறையக் காய்த்தால் விவசாயிக்குச் சந்தோஷம்தானே? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: பீச் விவசாயி அதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார். பூத்த பூவில் பெரும்பகுதி பிஞ்சாகிவிடும். அத்தனையையும் விட்டால் எல்லாம் நெல்லிக்காய் அளவில் நின்றுவிடும். பாரம் தாங்காமல் கிளையும் ஒடியும். அதனால் பிஞ்சு விரல்நுனி அளவு இருக்கும்போதே, ஒரு சாணுக்குள் ஒரு காய் என்கிற கணக்கில் விட்டுவிட்டு, மற்றவற்றைக் கையால் திருகி உதிர்ப்பார்கள். அந்த நாட்களில் மரத்தடியில் நடந்தால் காலடியில் பச்சைப் பிஞ்சு நறநறக்கும். பார்க்கிற நமக்கு வயிறு எரியும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பீச் காய்ப்பது போன வருஷம் வளர்ந்த இளங்கிளையில் மட்டும். எனவே ஒவ்வொரு குளிர்காலமும் கத்தரியை எடுத்துப் பழைய கிளையை இரக்கமில்லாமல் கழிக்க வேண்டும். பாசக்காரர்களுக்கு ஏற்ற பயிரல்ல இது.

கேள்வி: பீச் மரத்தில் காகிதப் பை தொங்கும் படம் பார்த்தேன். மரத்திலேயே பார்சலா? (வாசகி, ஓசூர்)

பதில்: ஸ்பெயினில் அரகோன் பகுதியில் கலாந்தா என்று ஓர் ஊர். அங்கே கோடையில் ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகக் காகிதப் பை மாட்டிக் கட்டுகிறார்கள், எல்லாம் கையால். பூச்சி, தூசி, மருந்து எதுவும் பழத்தைத் தொடாது. மற்ற ஊர்ச் சீசனெல்லாம் முடிந்த பிறகு, செப்டம்பர் நடுவிலிருந்து சாவகாசமாகப் பறிப்பார்கள். பையைப் பிரித்தால் உள்ளே சீரான மஞ்சள். சிவப்பு கிடையாது, வெயிலே படவில்லையே! சேலத்து வாசகர் கவனிக்கவும்: அவ்வளவும் பழுத்த பழம். ஜப்பானில் ஓகாயாமா வெள்ளை பீச்சுக்கும் இதே காகித உபசாரம் உண்டு.

குளிரூரில் வெப்பத்துக்குத் தவித்தவர்கள் வேறொன்று செய்தார்கள். பாரிஸுக்கு அருகே மோன்த்ரேய் என்ற இடத்தில் 17-ஆம் நூற்றாண்டு முதல் சுவர் எழுப்பி, அதன்மேல் பீச் கிளைகளை விசிறி போலப் பரப்பிக் கட்டினார்கள். நம் மொட்டை மாடித் தரை இரவு பத்து மணிக்கும் காலைச் சுடுமே, அந்தச் சூத்திரம்தான். பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவில் மரத்துக்கு ஊட்டும். உச்சத்தில் அந்தச் சுவர்களின் மொத்த நீளம் சுமார் 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை சுவர் வைத்தது போல, ஒரு பழத்துக்காக.

கேள்வி: பீச் மெல்பாவில் மெல்பா யார்? (வாசகர், ஊட்டி)

பதில்: நெல்லி மெல்பா, ஆஸ்திரேலியப் பாடகி. 1890களில் லண்டன் சவாய் ஹோட்டல் சமையல் மேதை எஸ்காஃபியே அவர் நினைவாகச் செய்தது: வனிலா ஐஸ்கிரீம் மேல் பீச். ராஸ்பெர்ரி கூழ் பிற்பாடு சேர்ந்தது. நம் பாடகர்களுக்குப் பொன்னாடைதான் கிடைக்கிறது. யாராவது ஒரு அல்வாவுக்குப் பெயர் வைக்கக் கூடாதா?

கேள்வி: என் மனைவி 'பீச் கலர்' புடவை கேட்கிறாள். எந்த நிறம் வாங்குவது? (வாசகர், காரைக்குடி)

பதில்: பழத்தைக் கையில் கொண்டுபோனால் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் காட்டும். மனைவியைக் கையோடு கூட்டிப் போங்கள்.

கேள்வி: உலகத்திலேயே நீண்ட பீச் சீசன் எது? (பள்ளி மாணவி, விருதுநகர்)

பதில்: ஒன்பதாயிரம் வருஷம். சீனாவின் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய நாவலில் சொர்க்கத்தில் ஒரு பீச் தோட்டம் வருகிறது. முன்வரிசை 1,200 மரம் 3,000 வருஷத்துக்கு ஒருமுறை பழுக்கும், நடுவரிசை 6,000, பின்வரிசை 9,000. தின்றால் சாவு கிடையாது. அவ்வளவு அருமையான தோட்டத்துக்குக் காவலாக யாரை வைத்தார்கள் தெரியுமா? ஒரு குரங்கை. சுன் வுகோங் என்று பெயர். பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தக் குரங்கு தண்டனையெல்லாம் அனுபவித்துத் திருந்தி, ஒரு துறவிக்குத் துணையாக இந்தியா நோக்கி நடக்கிறது. அந்தத் துறவி வேறு யாருமல்ல, காஞ்சிபுரத்து அக்காவுக்குப் பதில் சொன்ன அதே யுவான் சுவாங். பீச்சைத் திருடிய குரங்கைக் கதையில் கூட்டிவந்தவர், நிஜத்தில் பீச்சின் வரலாற்றை எழுதிவைத்துப் போயிருக்கிறார்.

கேள்வி: எல்லாம் சரி. நல்ல பீச் ஒன்று சாப்பிட நான் எங்கே, எப்போது போக வேண்டும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: உங்களுக்குத் திருப்பூரிலிருந்து நாலு மணி நேரப் பாதைதான். மே மாதம் குன்னூர் போங்கள். சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும். அங்கே பார்ப்பதற்கு மட்டும். தின்பதற்குச் சாலையோரக் கடை. ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்: "எந்தத் தோட்டம், எப்போ பறிச்சது?" வெளிமாநிலத்திலிருந்து குளிர்ப்பெட்டியில் வந்ததா, பக்கத்துச் சரிவில் நேற்றுப் பறித்ததா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

என் பையில் மிச்சமிருந்த நான்கையும் வீட்டு ஜன்னலோரம் வைத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மாலை ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, யாரோ ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னலருகே போனால் பச்சை முழுக்க மஞ்சளாகியிருந்தது. கழுவும் தொட்டி மேல் குனிந்தபடி நின்று சாப்பிட்டேன். இல்லையென்றால் சட்டை போயிருக்கும். நான்கையும் ஒரே நேரத்தில். வீட்டில் யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

காவலுக்குக் குரங்கை வைத்தது தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.